பேதைமை காண்டலே பேரறிவு

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழுதுற்ற திருக்கோயில் ஒன்றைப் புதுக்கத் தொடங்கும்பொழுது ஆகமம் வல்ல ஆசாரியர்கள் முதற்கண் செய்வது யாது? விமானத்தின்மேல் ஏறிச் சுதை திருத்துவதன்று. கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவதுமன்று. பாலாலயம் அமைப்பதே முதற்செயல். கருவறையில் விளங்கும் திருவருளாற்றலைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, சிறியதோர் இடத்துக்குக் கொண்டுசென்று, சிற்றுருவிலோ மரப்பலகையிலோ நிலைபெறுவித்து, திருப்பணி நிறைவேறும்வரை வழிபாட்டினை அங்கேயே நடத்துவர். பாலாலயம் என்பதற்குப் பிள்ளைக் கோயில் என்பது பொருள். பழந்தமிழர் இதனை இளங்கோயில் என வழங்கினர். அப்பர் அடிகளின் திருப்பதிகம் பெற்ற மீயச்சூர் இளங்கோயில், திருமீயச்சூர் மேகநாதர் திருக்கோயிலினுள்ளேயே இன்றும் தனிச் சந்நிதியாக விளங்கக் காணலாம்.

இவ்வழக்கத்தில் அடங்கிய உண்மை பெரிது. பெரிய கோயில் புதிதாக வேண்டுமாயின் முதலில் சிறிய கோயில் ஒன்று வேண்டும். உயர்ந்த விமானத்தின்கீழ் வீற்றிருந்த பெருமான் சிறு கொட்டகையிலே பிள்ளைபோல் எழுந்தருளியிருக்கத் திருவுளங்கொண்டாலன்றிச் சிற்பியின் உளி பெரிய கோயிலுக்குள் நுழைதல் இயலாது. ஆண்டவன் இதற்கு நாணுவதில்லை. மனிதனே நாணுகின்றான். 'யான் அறியேன், யான் பேதை' என்று சொல்லிச் சிறிய இடத்திற் சென்று அமர அவன் மனம் ஒருப்படுவதில்லை. ஆதலால் அவனுடைய உள்ளமாகிய கோயில் விரிசல் கண்டபடியே நிற்கின்றது. திருப்பணி தொடங்குவதே இல்லை. தன் பேதைமையைத் தானே ஒப்புக்கொள்ளுதலே மெய்யறிவுக்கு இளங்கோயிலாகும் என்பதை இத்திருநாளிற் சிந்தித்தல் பொருத்தமுடைத்து.

இருவகை அறிவின்மை

திருவள்ளுவர் பொருட்பாலில் 84ஆம் அதிகாரத்துக்குப் பேதைமை என்று பெயரிட்டார். அதனோடு அமையாது, 85ஆம் அதிகாரத்தைப் புல்லறிவாண்மை என வகுத்தார். இரண்டும் அறிவின்மையைப் பற்றியனவே. ஓர் அதிகாரமே அமையாதோ எனின், அமையாது. பேதைமையாவது கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்று அறியாத நிலை. புல்லறிவாண்மையாவது, சிற்றறிவினனாய் இருந்தும் தன்னைப் பேரறிவினனாக மதித்து, உயர்ந்தோர் கூறும் உறுதிச்சொல்லைக் கொள்ளாத நிலை. பரிமேலழகரும் இவ்வாறே விளக்கினார். முன்னது நோய், பின்னது அந்நோயையே நலமென்று எண்ணி மருந்தை உமிழ்தல். முன்னதற்கு மருத்துவம் உண்டு. பின்னதற்கோ மருத்துவன் வாயிலில் வந்து நின்றும் கதவு திறப்பதில்லை.

அவ்வள்ளுவரே காமத்துப்பாலில், புணர்ச்சி மகிழ்தல் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், அரியதோர் உவமையை வைத்தார். கற்குந்தோறும் முன்னிருந்த அறியாமை புலப்படுதலை அங்கே உவமையாக்கினார். காதலின்பம் நாளும் புதிதாகத் தோன்றுதலை உணர்த்த வந்த இடத்தில் அறிவைப் பற்றிய உண்மை ஒன்று எடுத்தாளப்பட்டமை எண்ணி மகிழற்பாலது. கேட்போர் அறிந்த ஒன்றே உவமையாகும். ஆகவே, கற்றோர்க்குத் தம் அறியாமை மேன்மேலும் தெரிதல் என்பது சான்றோர் யாவரும் கண்ட அனுபவம் என்பது பெறப்படும். மேலும், அவ்வனுபவத்தை அவர் துன்பத்துக்கு உவமை கூறவில்லை, இன்பத்துக்கே கூறினார். தன் அறியாமையைக் கண்டவன் தலைகுனிந்து அழ வேண்டுவதில்லை, புதியதொன்றைப் பெற்றவன்போல் மகிழலாம் என்பது வள்ளுவர் கருத்தாதல் வேண்டும்.

இருளினும் பெரிய இருள்

இவ்வுண்மையைச் சைவ சித்தாந்தம் இன்னும் ஆழ்ந்து ஆராய்கின்றது. உமாபதி சிவாசாரியர் அருளிய திருவருட்பயன் பத்து அதிகாரங்களில் நூறு குறள்களால் ஆகிய நூல். அதன் மூன்றாம் அதிகாரம் இருள்மல நிலை என்பது. அங்கே ஆசிரியர் புற இருளையும் ஆணவ மலத்தையும் ஒப்பிட்டு, ஆணவமே கொடிது என்று முடிவு கட்டுகின்றார். காரணம் யாதெனில், புற இருள் வீட்டிலுள்ள பொருள்களை மறைத்தாலும் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. 'இங்கே இருள் சூழ்ந்துள்ளது' என்று கண்ணுக்குத் தெரிகின்றது. தெரிவதனாலேயே வீட்டுக்குடையவன் விளக்கைத் தேடுகின்றான். ஆணவ இருளோ பொருளையும் மறைக்கும்; தான் இருப்பதையும் மறைக்கும். அதனுள் அகப்பட்டவன் தன்னை இருளில் இருப்பவனாக எண்ணுவதே இல்லை. ஆதலால் விளக்கையும் தேடுவதில்லை.

நாள்தோறும் நிகழ்வனவற்றைக் கொண்டே இதனை உணரலாம். சினத்தால் உறவினரை வைதவன், தான் நியாயத்துக்காகவே பேசியதாக எண்ணுகின்றான். பொருளைப் பூட்டிவைப்பவன், அது சிக்கனம் என்று எண்ணுகின்றான். பொருளை வாரி வழங்கியவனோ, கல்வெட்டில் தன் பெயர் எத்தனையாவது வரியிற் பொறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்து முகம் சுளித்து, அது தருமத்தின்பால் தனக்குள்ள அக்கறை என்று எண்ணுகின்றான். எவனும் தன் பேதைமையைப் பேதைமை என்னும் பெயரால் அழைப்பதில்லை. அதற்கு நல்ல பெயர் ஒன்றைச் சூட்டி நடுவீட்டில் வைத்துப் பேணுகின்றான்.

இவ்வாறாயின் உய்தி எங்ஙனம் உண்டாகும்? தன்னையே மறைத்து நிற்கும் ஒன்று ஒருநாள் புலப்பட்டது எனின், எங்கிருந்தோ ஓர் ஒளி உள்ளே நுழைந்தது என்பதே பொருள். 'யான் இதுகாறும் பேதையாய் இருந்தேன்' என்று ஒருவன் மெய்யாகவே கண்டானாயின், அக்காட்சி இருளின் வேலையன்று, ஒளியின் வேலை. அவ்வொளியைத் திருவருள் என்பர். இருள்மல நிலைக்கு அடுத்த நான்காம் அதிகாரத்துக்கு உமாபதியார் அருளது நிலை என்று பெயர் வைத்தமை ஈண்டு நினைவுகூரத் தக்கது. தன் பேதைமையைக் கண்டு கலங்குபவன், தன்னை அருள் கைவிட்டது என்று எண்ணுதல் தவறு. அருள் தன்பால் வந்து சேர்ந்தமையாலேயே அக்கலக்கம் உண்டாயிற்று என்று தெளிதல் வேண்டும்.

குருவுக்குக் குருவான குழந்தை

இக்கொள்கை ஏட்டில் மட்டும் எழுதிவைத்த கொள்கையன்று. சந்தானாசாரியர் வரலாற்றில் இருமுறை நிகழ்ந்துகாட்டிய உண்மை அது.

பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்பவர் மகப்பேறு இன்றி வருந்தினார். அவர்தம் குலகுரு சகலாகம பண்டிதர் என்னும் பெரியார். ஆகமங்கள் அனைத்தும் கற்றவர் என்பதனாலேயே அப்பெயர் அவருக்கு வழங்கிற்று. அவர் தேவாரத் திருமுறையிற் கயிறு சார்த்திப் பார்க்கச் செய்தார். திருவெண்காட்டைப் பற்றிய திருஞானசம்பந்தர் திருப்பாட்டு வந்தது. அச்சுதர் மனைவியாருடன் திருவெண்காடு சென்று முக்குள நீராடி வழிபட்டு ஆண்மகவு பெற்றார். சுவேதவனப் பெருமாள் என்று பெயர்பெற்ற அக்குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தது. இளம்பருவத்திலேயே பரஞ்சோதி முனிவரால் உபதேசம் பெற்று மெய்கண்டார் என்னும் திருப்பெயர் எய்திற்று. பன்னிரண்டு சூத்திரங்களாலாகிய சிவஞானபோதத்தை உலகுக்கு அளித்த பெருமான் அவரே. இவை 13ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தன.

சகலாகம பண்டிதரின் மாணாக்கர் சிலர் அக்குழந்தையிடம் சென்று பாடங்கேட்கலாயினர். பண்டிதர் செவிக்கு இச்செய்தி எட்டியது. அவர் மனநிலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுதும் கற்றவர்; பலருக்கு ஆசானாய் இருந்தவர். அக்குழந்தை பிறப்பதற்கு வழிகாட்டியவரே அவர்தாம். அத்தகையவரை விட்டு மாணாக்கர்கள் ஒரு பாலகனிடம் சென்றார்கள் என்றால், உள்ளம் கொதிப்பது இயல்பே. அவர் நேரே திருவெண்ணெய்நல்லூருக்குச் சென்றார். அங்கே மெய்கண்டார் மாணாக்கர்க்கு ஆணவ மலத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தார். குலகுரு வந்து நின்றும் குழந்தை எழவில்லை. பண்டிதர் சினம் மிகுந்து, ஆணவத்தின் சொரூபம் யாது என்று வினவினார். மெய்கண்டார் ஒரு சொல்லும் கூறவில்லை. நின்றவரையே காட்டினார். விரலாற் சுட்டினார் என்றும், முடிமுதல் அடிவரை நோக்கினார் என்றும் இருவகையாகக் கூறுவர். எவ்வாறாயினும் விடை ஒன்றுதான்: அறிய விரும்பிய பொருள் தொலைவில் இல்லை; வினவிய வடிவிலேயே நிற்கின்றது.

அக்கணத்தில் பண்டிதர்க்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. 'சிறுவனுக்கு என்ன துணிவு' என்று வெகுண்டு திரும்பிச் செல்லலாம். அவ்வாறு சென்றிருப்பின் அவரைக் குறைகூறுவோர் எவரும் இரார். ஊரார் அவர் பக்கமே பேசியிருப்பர். ஆயின் அவர் அவ்வழியைக் கொள்ளவில்லை. தம் கல்வி, முதுமை, குலகுரு என்னும் நிலை ஆகிய அனைத்தையும் அங்கேயே இறக்கிவைத்துவிட்டு அக்குழந்தையின் திருவடியில் வீழ்ந்தார். அருள்நந்தி என்னும் பெயர் பெற்று எழுந்தார். பின்னர் அவர் இயற்றிய சிவஞான சித்தியார், பரபக்கம் சுபக்கம் என்னும் இரு பகுதிகளோடு சித்தாந்த உலகின் முடிமணியாகத் திகழ்கின்றது. அதற்கு மேற்பட்ட சாத்திரம் இல்லை என்பது சைவ மக்களின் வழக்கு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அவர் கற்ற ஆகமங்கள் வீணாயினவோ? ஆகவில்லை. சித்தியாரைக் கற்போர் அப்பரந்த கல்வி முழுவதையும் அதனுள் காண்கின்றனர். பேதைமையை ஒப்புக்கொண்டமையால் அவர் கற்றதில் ஓரெழுத்தும் குறையவில்லை. அக்கல்வியின்மீது அமர்ந்திருந்த செருக்கு ஒன்றே விலகியது. விலகியபின் அதே கல்வி உலகுக்குப் பயன்பட்டது.

திருவெண்ணெய்நல்லூர் அதற்கு முன்னரும் இத்தகைய நாடகம் ஒன்றைக் கண்ட ஊர். நம்பியாரூரரின் திருமணத்தில் முதிய வேதியர் ஒருவர் ஓலையோடு வந்து, 'நீ எனக்கு அடிமை' என்றார். ஆரூரர் நகைத்து அவரைப் பித்தர் என்றார். ஓலையைப் பறித்துக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை காட்டப்பெற்றது. பாட்டனார் கையெழுத்து ஒத்திருக்கக் கண்ட அவையினர், வழக்கில் ஆரூரர் தோற்றார் என்று தீர்த்தனர். தோற்றவர் முதியவரின் பின்னே நடந்து, திருவருட்டுறைத் திருக்கோயிலில் அவர் மறையக் கண்டார். வந்தவர் யாவர் என்பது அப்போதுதான் விளங்கிற்று. தாம் வைத சொல்லை எண்ணி நடுங்கியிருக்க வேண்டிய அவ்வேளையில், அவ்வசைச் சொல்லையே முதலாகக் கொண்டு பாடுமாறு இறைவன் பணித்தான். பேதைமையாற் பிறந்த சொல்லும், பேதைமை என்று உணரப்பட்டபின், இறைவனுக்கு மாலையாகத் தொடுக்கப்பெற்றது. ஆண்டவன் அன்பர்களின் பழைய தவற்றை வீசி எறிவதில்லை. அதனையும் திருப்பணிக்குக் கல்லாகக் கொள்கின்றான்.

பகலில் எரிந்த பந்தம்

இரண்டாவது நிகழ்ச்சி தில்லையிற் கண்டது. உமாபதி சிவாசாரியர் தில்லைவாழந்தணர் மரபினர். நடராசப் பெருமானைப் பூசிக்கும் உரிமையுடையவர். அவர் இயற்றிய சங்கற்ப நிராகரணம் கி.பி. 1313ஆம் ஆண்டுக்கு நேரான சக ஆண்டைக் குறிப்பதனால் அவர் காலம் தெளிவாக விளங்குகின்றது. ஒருநாள் அவர் பூசை முடித்துச் சிவிகை ஏறி இல்லம் திரும்பினார். பகற்பொழுது, ஆயினும் மரியாதைக்கு உரிய பந்தம் முன்னே எரிந்துகொண்டு சென்றது. வீதியில் நின்ற மறைஞானசம்பந்தர், பட்டுப்போன கட்டையின்மீது பகற்குருடு செல்லும் வேடிக்கையைப் பார்க்குமாறு அருகிலிருந்தோர்க்குச் சொன்னார். வெயில் எரிக்கும் பகலில் விளக்கு வேண்டியிருக்கின்றது எனின், ஏறியிருப்பவர்க்குக் கண் இல்லை என்பதுதானே பொருள்!

சிவிகையில் இருந்தவர் செவியில் அச்சொல் விழுந்தது. சிவிகை தாங்குவோரும் கேட்டனர். வீதியில் நின்றோரும் கேட்டனர். பலர் நடுவே பெற்ற இகழ்ச்சி தனியே பெற்ற இகழ்ச்சியினும் பன்மடங்கு சுடும். ஆயினும் உமாபதியார் 'இவன் யாவன்' என்று கேட்கவில்லை. 'இச்சொல் மெய்யோ' என்று தம்மைத் தாமே கேட்டார். மெய் என்று கண்டார். சிவிகையினின்றும் குதித்து மறைஞானசம்பந்தரைப் பின்தொடர்ந்து ஓடினார். குருவோ அவரைத் திரும்பியும் பாராமல் நெசவாளர் வாழும் தெருவை அடைந்து, பாவுக்கு இடுவதற்கு வைத்திருந்த கஞ்சியைக் கையேந்தி வாங்கிப் பருகினார். அவர் கையின் வழியே ஒழுகிய கஞ்சியை உமாபதியார் ஏந்தி அருட்பிரசாதமாக உண்டார். அதன் பயனாகத் தம்மவரால் விலக்கப்பட்டுத் தில்லைக்கு அருகேயுள்ள கொற்றவன்குடியில் வாழ்ந்தார்.

அவர் இழந்தவை யாவை? சிவிகை, பந்தம், பூசை முறை, சுற்றத்தார் உறவு. பெற்றவை யாவை? மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் எட்டு நூல்கள் அவர் திருவாக்கினின்றும் தோன்றின. இருள் தன்னைக் காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது என்று திருவருட்பயனில் அவர் எழுதியது வெறும் கற்பனையன்று. பகற்பொழுதில் பந்தம் பிடிக்கச் செய்து ஊர்ந்தவர் தாமே என்பதை உணர்ந்த பின்னர் எழுந்த வாக்கு அது. ஆதலினாலேயே அச்சிறு குறள் இத்தனை நூற்றாண்டுகளாகியும் நெஞ்சைத் தைக்கின்றது.

அரசன் ஒத்திவைத்த நாள்

அருள்நந்தியாரும் உமாபதியாரும் கல்வியிற் பெரியோர். திருப்பணிக்குப் பொருள் வழங்கிய அன்பர்கள் நிறைந்த இவ்வவையில், பொருளிற் பெரியவனாகிய ஓர் அரசனின் வரலாறும் சொல்லத்தக்கது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில், பூசலார் நாயனார் புராணத்தில் அதனை அருளினார்.

காஞ்சியிற் பல்லவ மன்னன் கற்றளி ஒன்று எடுத்தான். காஞ்சிக் கயிலாசநாதர் திருக்கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவனே அவன் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கற்களாலும் பொன்னாலும் குறைவின்றிப் பணி முற்றியது. நன்னீராட்டுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்நாளுக்கு முன்னாள் இரவு இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை புகவிருக்கின்றோம். ஆதலின் நீ வேறொரு நாள் கொள்வாயாக என்று அருளினான்.

அரசனுக்கு இது எத்தகைய சோதனை! செலவிட்டவன் அவன், சிற்பிகளைத் திரட்டியவன் அவன், நாள் குறித்தவனும் அவன். ஆயினும் அவன் வாதாடவில்லை. தன்னினும் பெரிய திருப்பணி செய்தவர் ஒருவர் உளர் என்பதும், அதனைத் தான் அறியாதிருந்தான் என்பதும் அவனுக்கு விளங்கின. உடனே திருநின்றவூருக்குச் சென்றான். பூசல் அமைத்த கோயில் எங்கே என்று கேட்டான். அவ்வூரார், அவர் கோயில் ஒன்றும் கட்டவில்லையே என்றனர். மறையவரை அழைத்து வினவி, பூசலார் இருக்குமிடம் அறிந்தான். அவரை அழைத்துவருகின்றோம் என்று அவர்கள் கூறவும், அதற்கு உடன்படாது தானே அவரிடம் சென்றான். கோயில் யாது, நாள் யாது என்று பணிந்து கேட்டான்.

பொருள் இன்மையால் உள்ளத்திலேயே பொருள் திரட்டி, உள்ளத்திலேயே தச்சரை அழைத்து, அடிநிலை முதல் சிகரம் வரை எடுத்து, மதிலும் கிணறும் குளமும் அமைத்த வரலாற்றைப் பூசலார் மருண்டவராய் எடுத்துரைத்தார். அரசன் அவர் திருவடியில் நிலமுற வீழ்ந்து வணங்கி மீண்டான். திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்னும் திருப்பெயரோடு இறைவன் இன்றும் வழிபடப் பெறுகின்றான்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் பூசலாரின் பெருமையையே பேசுவர். அது முறையே. ஆயினும் அரசனின் பெருமையும் சிறிதன்று. கண்முன் நிற்கும் கற்கோயிலைக் காட்டிலும் கண்ணுக்குத் தோன்றாத கோயில் முந்தியது என்பதை ஒப்புக்கொள்ள அவன் கற்றான். அவன் கட்டிய கற்கோயிலை இறைவன் வேண்டாவென்று தள்ளவில்லை என்பதையும் மறத்தலாகாது. வேறொரு நாள் கொள்க என்றான், அவ்வளவே. அந்த இடைநாளில், தன் கொடையே முதன்மையானது என்னும் எண்ணம் அரசன் உள்ளத்தினின்றும் நீங்குவதற்கு வாய்ப்பு உண்டாயிற்று. காஞ்சிக் கோயிலின் திருப்பணியில் எஞ்சியிருந்த இறுதிக் கல் அதுதான் எனலாம்.

இங்கே திரண்டுள்ள பெருங்கொடையாளர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. நூறு மூட்டைச் சிமிட்டியைக் கொடுத்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். நாள்தோறும் வந்து பிராகாரத்தைக் கூட்டிய மூதாட்டியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. பெருமான் எவருடைய கோயிலுள் முதலில் புகுந்தான் என்பதை யார் அறிவார்? அறியோம் என்று சொல்வதற்கு அஞ்சாமையே கொடையை நிறைவுடையதாக்கும்.

விலக்கவேண்டிய மூன்று பிழைகள்

தன் பேதைமையை ஒப்புக்கொள்ளும் நெறியிலும் வழுக்குமிடங்கள் உண்டு. அவற்றுள் மூன்றைக் குறிப்பது கடன்.

முதலாவது, உதட்டளவில் ஒப்புதல். 'அடியேன் ஒன்றும் அறியாதவன்' என்று மேடையிற் கூறுவோர் பலர். அதே சொல்லை மற்றொருவர் அவரைப் பார்த்துக் கூறினால், அன்றே பகை மூளும். தான் சொன்னால் பணிவு, பிறர் சொன்னால் வசை என்று கொள்ளப்படும் சொல் மெய்யாக ஒப்புக்கொள்ளப்பட்டதன்று. உமாபதியார் தம்மைப் பகற்குருடு என்று தாமே சொல்லிக்கொள்ளவில்லை. வீதியில் நின்ற ஒருவர் சொல்லக் கேட்டு ஒப்பினார். உண்மையான ஒப்புதலுக்கு அதுவே உரைகல்.

இரண்டாவது, பேதைமையைச் சோம்பலுக்குப் போர்வையாக்குதல். 'யான் பேதை, எனக்கு இவை விளங்கா' என்று கூறி நூலை மூடிவிடுவோரும் உளர். நோயை அறிந்தவன் மருத்துவனைத் தேட வேண்டுமேயன்றி, நோயைச் சொல்லிக்கொண்டு படுத்திருத்தல் ஆகாது. அருள்நந்தியார் திருவடியில் வீழ்ந்தபின் கற்பதை நிறுத்தவில்லை; உண்மையில் அதன்பின்னரே கற்றார்; கற்றதை நூலாக்கினார்.

மூன்றாவது, மிக நுட்பமானது. தன் பேதைமையைக் கண்டவன், 'அதனைக் காணாத மற்றவர்களினும் யான் மேலானவன்' என்று எண்ணத் தலைப்படுவான். இளங்கோயிலில் எழுந்தருளிய பின்னரும் அதனையே பெரிய கோபுரமாக எண்ணுவது போன்றது இது. வாயிலில் விரட்டிய ஆணவம் கொல்லைப்புறமாக வந்து மீண்டும் நடுவீட்டில் அமர்ந்துவிடும். பிறர் பேதைமையை அளப்பதற்கு ஒருவனுக்கு ஓய்வு கிடைக்கின்றது எனின், தன் பேதைமையை அவன் இன்னும் முழுதும் பார்த்து முடிக்கவில்லை என்பது தெளிவு.

தூக்குக்குண்டும் பந்தனமும்

இத்திருப்பணியில் உழைத்த தொழிலாளர்களே இந்நெறிக்கு நல்லாசிரியர்கள். சுவர் எழுப்புங்கால் கொத்தனார் தம் கண்ணை மட்டும் நம்புவதில்லை. வரிசைக்கு வரிசை தூக்குக்குண்டை விட்டுப் பார்க்கின்றார். நூல் ஒருபுறம் விலகினால், நூல்மீது சினம் கொள்வதில்லை, கல்லைத் திருத்துகின்றார். முப்பது ஆண்டு பழகிய கையாயினும் தவறக்கூடும் என்பதை அவர் ஒப்புக்கொண்டமையாலேயே சுவர் நேராக நிற்கின்றது. தம் கை தவறாது என்று குண்டுநூலை எறிந்தவன் எழுப்பும் சுவர் நெடுநாள் நில்லாது. இல்லறத்திலும் ஒவ்வொருவர்க்கும் ஒரு தூக்குக்குண்டு வேண்டும். மனைவியின் ஒரு சொல்லோ, வளர்ந்த மகனின் ஒரு கேள்வியோ, ஏவலாளனின் மௌனமோ அதுவாகலாம். மெய்கண்டார் குழந்தை வடிவில் வந்தமையால், சுட்டும் விரல் பெரியோர் விரலாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை.

இன்னும் ஒன்று. பீடத்தில் திருவுருவத்தை நிலைநிறுத்துவதற்கு அட்டபந்தனம் சார்த்துவர். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களையும் சேர்த்து இடித்து இடித்து இளக்குவர். கட்டியாய் இருக்குங்கால் அதனால் எப்பயனும் இல்லை. இளகிய பின்னரே அது பீடத்துக்கும் திருவுருவத்துக்கும் இடையே புகுந்து இரண்டையும் பிணைக்கின்றது. காலம் செல்லச் செல்ல அப்பந்தனமும் இறுகி வெடிக்கும். ஆதலின் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் மரபாயிற்று. மனிதன் அறிவும் இத்தகையதே. ஒருகால் இளகிப் பிணைத்த அறிவு, 'யாவும் அறிந்தேன்' என்னும் எண்ணத்தால் இறுகி வெடிக்கின்றது. ஒருமுறை பேதைமையைக் கண்டுவிட்டால் போதும் என்று இருத்தல் இயலாது. மீண்டும் மீண்டும் இடிபட்டு இளகுதல் வேண்டும். வாழ்வில் நேரும் தோல்வியும், பலர்முன் பெறும் தலைகுனிவும் அவ்வாறு இடிக்கும் உலக்கை என்று கொள்ளின், அவற்றால் உண்டாகும் வலி குறையும்.

அன்பர்களே! விமானத்தின் உச்சியிற் கலசத்தின்மீது சொரிந்த கும்பநீர் அங்கேயே தங்கிற்றா? தங்கவில்லை. சிகரத்தில் வழிந்து, சுவரில் இறங்கி, கீழே தலைகுனிந்து நின்றோர்மேல் விழுந்தது. உயரத்தில் நின்றோர் நனைந்ததினும் தாழ நின்றோர் நனைந்ததே மிகுதி. இளங்கோயிலில் இருந்த பெருமான் இன்று புதிய கோயிலுள் எழுந்தருளினான். ஒவ்வோர் அன்பரும் இவ்விடத்தைவிட்டு நீங்குமுன், தம் உள்ளத்தில் எவ்விடத்தில் விரிசல் உண்டு என்று ஒருமுறை பார்த்து, 'இங்கே யான் பேதை' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வாராயின், அவ்விடத்தில் திருப்பணி தொடங்கிற்று என்க.

திருச்சிற்றம்பலம்